கவிதைக் குறிப்பேடு வைத்திருப்பவருக்கு மதுரைத் திட்டம்: ஒரு மதிப்பீடு

தமிழ் இலக்கிய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தைப் பாராட்டி எழுதப்பட்டவை ஏராளம். அதன் தொண்டு மனப்பான்மையும், அது நீடித்திருக்கும் காலமும், அதில் ஏறியிருக்கும் நூல்களின் தொகையுமே பெரும்பாலும் அந்தப் பாராட்டுகளுக்குக் காரணமாக அமைகின்றன. இந்த மதிப்பீட்டின் அளவுகோல் அவற்றைவிடக் குறுகியது. இலக்கியத்தையும் கவிதையையும் பற்றிச் சொந்தமாக ஒரு குறிப்பேடு வைத்திருப்பவர், அதாவது படித்த பாட்டை எடுத்தெழுதி, அதன் கீழே தமக்குத் தோன்றியதைப் பதிந்து, சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தையே திரும்பப் புரட்டிப் பார்ப்பவர், இந்தச் சேவையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது மட்டுமே இங்கே கேள்வி.

அதற்கு முன், அப்படியொரு குறிப்பேடு எதற்காக என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோக்கம் தெரியாமல் கருவியை எடைபோட முடியாது. படித்ததை நினைவில் வைத்துக்கொள்வதற்காக என்று பலர் சொல்வார்கள். அந்த விடை எனக்கு நிறைவளித்ததில்லை. மனப்பாடத்துக்கு ஏடு தேவைப்படுவதில்லை. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை முழுவதும் பிரபந்தத்தையும் தேவாரத்தையும் நெஞ்சில் நிறுத்தியிருக்கிறது. பிறருக்குக் காட்டுவதற்காக என்றால் அது கட்டுரையாகிவிடும். அதற்கு வேறு உடை, வேறு நடை வேண்டும். குறிப்பேட்டின் பயன் என்று நான் கருதுவது இதுதான்: ஒரு பாட்டைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தோன்றியது என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதியே தீர வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. "அருமை", "என்ன ஒரு கற்பனை" என்றெல்லாம் நண்பரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தனியாக உட்கார்ந்து எழுதும்போது அந்தச் சொற்கள் கூசுகின்றன. எது அருமை, எந்த இடத்தில் அருமை என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் பக்கத்தை மூட மனம் வருவதில்லை. அந்தப் பதில் தவறாகவும் இருக்கலாம். தவறானாலும் தேதியோடு எழுதப்பட்டிருந்தால் பின்னால் அதனோடு வாதாட முடியும்.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை, தலைவன் மணம் முடிக்காமல் நாள் கடத்தும்போது தலைவி தோழியிடம் சொல்வது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

படித்தவுடன் எல்லாருக்கும் பிடிபடுவது தலைவியின் கையறு நிலை. சாட்சி சொல்ல ஆளில்லை, இருந்தவன் அந்தக் கள்வன் ஒருவனே, அவனே பொய்த்தால் என்ன செய்வது என்பது அவள் கலக்கம். கண்ணால் படிப்பவர் இந்த அளவில் மேலே போய்விடலாம். கையால் எடுத்தெழுதுகிறவருக்கு நான்காம் அடியில் பேனா நிற்கும். மற்ற அடிகளில் நான்கு சீர், இங்கே மூன்றே சீர். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனாலும் அந்தக் குறைந்த அடிக்குள் கபிலர் எதை வைத்திருக்கிறார் என்று பார்த்தால், குருகு என்ற நீர்ப்பறவை மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் இருந்த மூன்றாவது உயிர் அது ஒன்றுதான். அதன் கவனமும் ஓடும் நீரில்தான் இருந்தது. இன்னும் ஒரு படி போனால், தினையின் தாளைப் போல மெலிந்த அதன் பசுங்காலைத் தலைவி எவ்வளவு கூர்மையாகப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பது தெரிகிறது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள், அது அவளைப் பார்க்கவில்லை. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பழைய உரையாசிரியர்களும் இன்றைய பேராசிரியர்களும் பலவாறு சொன்னதன் அக்கம்பக்கத்தில் இருப்பதுதான். நாமாகவே அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதில்தான் குறிப்பேட்டின் பயன் இருக்கிறது.

தமிழில் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட மரபு உண்டு. சங்கப் பாட்டுகளின் அடியில் காணப்படும் துறைக் குறிப்புகளையே, முன்பு படித்த ஒருவர் "இதை இன்ன சூழலில் இன்னார் இன்னாரிடம் சொல்வதாகக் கொள்ள வேண்டும்" என்று எழுதி வைத்த வாசிப்புக் குறிப்புகளாக நான் பார்க்கிறேன். புறத்திரட்டு இதைவிடத் தெளிவான சான்று. தொகுத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. பல நூல்களிலிருந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, குறளின் வைப்புமுறையை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறார். முத்தொள்ளாயிரத்தின் முழுநூல் அழிந்துபோன பிறகு, இன்று நம் கையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திரட்டு வழியாகவே வந்து சேர்ந்தவை. குண்டலகேசி, வளையாபதி ஆகியவற்றின் எஞ்சிய பாட்டுகளுக்கும் அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதை வைத்துக்கொண்டு, நம் குறிப்பேடும் ஒரு நாள் தமிழைக் காப்பாற்றும் என்று மிதப்பாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேர்ந்தெடுப்பவர் மூலத்தைச் சிதைக்காமல் எடுத்தெழுதினார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சிதைப்பதற்கான ஆபத்து எப்போதும் உண்டு என்பதற்கும் நம்மிடம் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கவிதையை வாய்விட்டுப் படித்து அனுபவிக்கக் கற்றுக்கொடுத்தவர். முத்தொள்ளாயிரத்தைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கம்பனிடம் வந்தபோது, தம் செவிக்கு ஒவ்வாத பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் தம் ரசனைக்கேற்ப மாற்றினார். அவர் ரசனை உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் எழுத வேண்டிய கருத்து அங்கே மூலத்துக்குள் புகுந்துவிட்டது என்பதுதான் குறை. தனியாகப் படிப்பவருக்கு நம்பத்தகுந்த மூலபாடம் எவ்வளவு தேவை என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியாது. மதுரைத் திட்டம் போன்ற சேவையை நாடுவதும் அந்தத் தேவைக்காகத்தான்.

திட்டம் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் தலைமையேற்க, அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ச்சுனன் துணைநிற்க, உலகின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது இது. முதல் எண் திருக்குறளுக்கு. அப்போது இணையத்தில் தமிழ் படிப்பது என்றாலே ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. திட்டத்தின் நூல்களும் முதலில் தனி எழுத்துருக்களிலும், பிறகு தகுதரம் (TSCII) என்ற குறியீட்டு முறையிலும், 2004 முதல் ஒருங்குறியிலும் (யூனிகோட்) வெளியாயின. இந்த இடமாற்றம் வெறும் தொழில்நுட்பச் செய்தியல்ல. அந்தக் காலத்தில் கணினியில் கவிதைக் குறிப்பு எழுதியவர்கள் பலரின் கோப்புகளை இன்று திறந்தால் அர்த்தமற்ற லத்தீன் எழுத்துகளும் குறியீடுகளுமாகவே தெரியும். எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பது நினைவிருந்தால் மாற்றியைக் கொண்டு மீட்கலாம், இல்லாவிட்டால் கஷ்டம்தான். மதுரைத் திட்டம் தன் தொகுப்பை அந்த விபத்திலிருந்து கரையேற்றியது. அமைதியாகச் செய்யப்பட்ட அந்த வேலையை அதன் முதன்மையான சாதனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

பயன்படுத்துவதற்கு இதைவிட எளிமையான சேவை தமிழில் அரிது. கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. வலைப்பக்கமாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் நூல்கள் கிடைக்கின்றன. வலைப்பக்கங்கள் அலங்காரமற்றவை, அதனாலேயே மெதுவான இணைப்பிலும் திறந்துவிடுகின்றன. முகப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால் கோப்பை யாரும் எவருக்கும் இலவசமாகத் தரலாம் என்பது நிபந்தனை. அந்த முகப்பில்தான் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. பாட்டை மட்டும் நகலெடுத்துக்கொண்டு முகப்பைத் தூக்கியெறிவது பலருடைய வழக்கம். குறிப்பேட்டில் பாட்டுக்கு அடியில் "மதுரைத் திட்டப் பாடம்" என்று ஒரு வரி எழுதிவைப்பது மரியாதைக்கும் நல்லது, பின்னால் சரிபார்ப்பதற்கும் நல்லது.

அடுத்தது தேடல். குறிப்பேட்டுக்காரரின் அன்றாடத் தேவை, மனதில் பாதி நிற்கும் ஒரு வரியை வைத்து முழுப் பாட்டைக் கண்டுபிடிப்பதுதான். மின்னுரை, அதாவது கணினியில் தேடக்கூடிய நூற்பாடம், இதற்காகவே பிறந்தது என்று நினைப்போம். பழந்தமிழில் அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. "யாயும் ஞாயும் யாராகியரோ" என்று நாம் சொல்லிப் பழகிய அடி, மரபான பதிப்பில் சீர் பிரித்து "யாரா கியரோ" என்று நிற்கும். நாம் சொல்வதுபோலச் சேர்த்துத் தேடினால் கணினி கைவிரித்துவிடும். "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்" என்ற அடிக்கும் இதே கதிதான். "முட்டுவேன்" என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. சந்தி பிரித்த பதிப்பை ஒட்டிய மின்னுரையாக இருந்தால் வேறொரு விதத்தில் ஏமாற்றும். 1950களின் பிற்பகுதியில் மர்ரே நிறுவனத்தின் எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட பதிப்புகள் சாதாரண வாசகருக்குச் சங்கப் பாட்டைத் திறந்துவிட்டன என்பது உண்மை. அதே நேரத்தில் யாப்பைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அவற்றில் குறைந்தது என்பதும் உண்மை. எந்த வகை மின்னுரையானாலும் பிரிப்பால் பாதிக்கப்படாத சிறு துண்டைத் தேடுவதுதான் வழி. செம்புலப் பெயனீரைத் தேடுகிறவர் "செம்புல" என்பதோடு நிறுத்திக்கொண்டால் பிழைத்தார்.

தட்டச்சு வழக்கங்களும் தேடலைக் கெடுக்கும். தமிழ் மின்னுரைகளில் பரவலாகக் காணப்படும் ஒன்று, ஔவையாரின் முதலெழுத்தை ஒரே எழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவையார்" என்று எழுதுவது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு புலவர்கள். சங்கப் பெண்பாற் புலவர்களில் மிகுதியான பாட்டுகளுக்கு உரியவரின் பெயரே இப்படி இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இயந்திரத் தேடலை நம்பிச் செய்யும் எந்தக் கணக்கையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்கத் தோன்றுகிறது. தம் குறிப்பேட்டைக் கணினியில் வைத்திருப்பவர்கள் புலவர் பெயர்களை ஒரே முறையில் தட்டுவது என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.

கைப்பேசியில் படிப்பவர்களுக்கு வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. திரையின் அகலம் போதாதபோது வலைப்பக்கம் அடிகளை மடக்கிவிடுகிறது. உரைநடைக்கு இதனால் ஒன்றும் குறைவதில்லை. ஆசிரியப்பாவுக்கு நேர்வதோ பெரிய இழப்பு. நாற்சீர் அடி மடங்கி மூன்றும் ஒன்றுமாக நின்றால், ஈற்றயலடி எது என்பதே தெரியாமல் போகும். மேலே சொன்ன கபிலர் பாட்டை அப்படி மடங்கிய நிலையில் எடுத்தெழுதுகிறவர், குருகின் அடி குறைந்திருப்பதை ஒருபோதும் கவனிக்க மாட்டார். பிடிஎஃப் கோப்பில் அடி மடங்காது, ஆனால் எழுத்து சிறுத்துவிடும். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் படிப்பதும், எடுத்தெழுதும் வேலையைப் பெரிய திரைக்கோ அச்சுப் புத்தகத்துக்கோ ஒத்திவைப்பதும்தான் இப்போதைக்கு இருக்கும் தீர்வுகள்.

பாட்டெண் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். புறநானூற்றிலும் குறுந்தொகையிலும் எண் சொன்னால் போதும், எந்தப் பதிப்பிலும் பாட்டு கிடைத்துவிடும். குறளில் அதிகாரத்துக்குள் பாக்களின் வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். நாம் இன்று சொல்லும் எண் பரிமேலழகர் வரிசைப்படி வந்தது. கம்பராமாயணத்தில் நிலைமை இன்னும் மோசம். பதினாயிரத்தைத் தாண்டும் பாட்டுகளில் எவை கம்பனுடையவை, எவை மிகை என்பதில் பதிப்பாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. உ. வே. சாமிநாதையர் நூலகப் பதிப்பு, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு, சென்னைக் கம்பன் கழகப் பதிப்பு என்று ஒவ்வொன்றிலும் எண் வேறுபடும். ஆகவே குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதி வைப்பது வீண்வேலை. காண்டம், படலம், பாட்டின் முதற்குறிப்பு, பதிப்பு ஆகிய நான்கும் வேண்டும். மின்னுரையில் முதல் மூன்றும் கிடைத்துவிடுகின்றன. நான்காவதைத் தேடும்போதுதான் இந்த வகைச் சேவையின் வரம்பு தெரிகிறது. தட்டச்சு செய்தவரின் பெயர் முகப்பில் இருக்கும் அளவுக்கு, எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டது என்ற விவரம், குறிப்பாகத் தொடக்ககாலக் கோப்புகளில், சீராக இருப்பதில்லை. பாரதி பாட்டுகளுக்கும் இது பொருந்தும். எந்தப் பாட்டு எந்த ஆண்டு, எந்த இதழில், எந்த வடிவில் வந்தது என்று அறிய விரும்புகிறவர் சீனி. விசுவநாதன் கால வரிசைப்படி தொகுத்த பதிப்பிடம்தான் போக வேண்டும். மின்னுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்வதுமில்லை.

பொருள் விளக்கும் உரையும் இங்கே பெரும்பாலும் இல்லை. மூலபாடத்தைத் தருவதே திட்டத்தின் முதன்மை நோக்கம் என்பதால் இதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது. ஆனால் சங்கப் பாட்டை உரையின்றிப் படித்துக் குறிப்பெழுதுவது எல்லாருக்கும் கைகூடாது. உரைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் பெயர் மாறிய அந்த அரசு நிறுவனம், இலக்கண இலக்கிய நூல்களை உரைகளோடு தருகிறது. குறுந்தொகைக்கு உ. வே. சா. எழுதி 1937-இல் அச்சான உரையை அங்கே படிக்கலாம். அந்த உரையில் என்னை ஈர்ப்பது பொழிப்புரையைவிட ஒப்புமைப் பகுதிதான். ஒரு சொற்றொடர் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போவதைப் பார்த்தால், அட்டவணைகளும் கணினிகளும் இல்லாத காலத்தில் அவர் கையில் இருந்த குறிப்பேடுகள் எத்தனை தடிமனாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எழும். அருஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. மூன்றையும் மூன்று சாளரங்களில் திறந்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

மூலபாடத்தின் மேல் ஐயம் வந்தால் நான் நாடுவது தமிழ் விக்கிமூலம் என்னும் இணைய நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடித் தந்த, நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. அச்சுப் பக்கத்தின் படம் ஒரு புறம், தட்டச்சுப் பாடம் மறு புறம் என்று இரண்டையும் அருகருகே பார்க்க முடிவதுதான் அதன் தனிச் சிறப்பு. பக்கத்தின் நிறமே அதன் நிலையைச் சொல்லிவிடும்: சிவப்பு என்றால் மெய்ப்புப் பார்க்கப்படாதது, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தது, பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்தது. படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருளான எழுத்துணரியால் மாற்றப்பட்டுச் சிவப்பிலேயே கிடக்கும் பக்கங்களில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நிற்பதைக் காணலாம். ஆயினும் படம் பக்கத்திலேயே இருப்பதால் ஏமாறுவதற்கு வழியில்லை. மதுரைத் திட்டத்தின் பாடம் மனிதர் தட்டச்சு செய்து மனிதர் மெய்ப்புப் பார்த்தது என்பதால் படிப்பதற்குச் சுகமானது. விக்கிமூலத்தின் பாடம் கரடுமுரடானது, ஆனால் சான்றோடு நிற்கிறது. குறிப்பேட்டுக்காரருக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பின்னதைத்தான் கேட்பேன்.

ஈழத்துக் கவிதையைப் பொறுத்தவரை மதுரைத் திட்டத்தைவிட நூலகம் திட்டமே பொருத்தமானது. 2005-இல் தொடங்கப்பட்ட அது, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கப் படங்களாகவே பாதுகாத்துத் தருகிறது. மஹாகவியின் கவிதைகளைப் பற்றிக் குறிப்பெழுத விரும்புகிறவர், அவை வெளிவந்த காலத்து இதழ்ச் சூழலையும் சேர்த்துப் பார்க்க அங்கே வாய்ப்பிருக்கிறது. நகலெடுக்க எழுத்து கிடைக்காது, படம்தான் கிடைக்கும். எனவே பாட்டை ஒவ்வொரு எழுத்தாக நாமே எழுதியாக வேண்டும். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

ஏனென்றால், மதுரைத் திட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான எச்சரிக்கை அதன் வசதியைப் பற்றியதுதான். இரண்டு சொடுக்கில் ஒரு பதிகம் முழுவதையும் நகலெடுத்து நம் கோப்பில் ஒட்டிவிடலாம். அப்படிச் சேர்த்த பாட்டுகளைப் பிற்பாடு திறந்து பார்த்தால், எதற்காகச் சேர்த்தோம் என்பதற்கு ஒரு தடயமும் இருப்பதில்லை. கோப்பு வீங்குகிறது, வாசிப்பு நடக்கவில்லை. அதனால் நான் பரிந்துரைக்கும் முறை தலைகீழானது. அச்சுப் புத்தகத்திலிருந்தோ நினைவிலிருந்தோ பாட்டை முதலில் கையால் எழுதுவது. எழுதி முடித்த பிறகு மின்னுரையைத் திறந்து ஒப்பிடுவது. ஒப்பிடும்போது நாம் மாற்றி எழுதிய இடங்கள் தெரியவரும். அந்த இடங்கள் சுவையானவை. பெரும்பாலும் கவிஞர் எதிர்பாராத சொல்லைப் போட்ட இடத்தில் நம் கை பழகிய சொல்லைப் போட்டிருக்கும். திருத்தும்போது பழையதை முழுவதும் அழிக்காமல் அடித்துவிட்டு மேலே எழுதினால், குறிப்பின் முதல் வாக்கியம் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைத்துவிடும்.

இந்தச் சேவை எங்கே நின்றுவிடும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் படைப்பாளி மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. பாரதியின் படைப்புகளை 1949-இல் அரசே வாங்கிப் பின்னர் பொதுவுடைமையாக்கியது போன்ற விதிவிலக்குகள் தமிழகத்தில் நிறைய இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் சட்டத்தின் கணக்குத்தான். 1984-இல் மறைந்த புதுக்கவிஞர் ஆத்மாநாமின் கவிதைகள் அந்தக் கணக்குப்படி 2044 முடியும்வரை உரிமைக்குள் இருக்கும். ஆகவே புதுக்கவிதையில் ஈடுபாடுள்ளவருக்கு மதுரைத் திட்டத்தில் கிடைப்பது மிகக் குறைவு. புத்தகத்தை வாங்கியோ நூலகத்தில் எடுத்தோதான் படிக்க வேண்டும். சொந்தப் படிப்புக்காக எடுத்தெழுதுவதையும், விமர்சனத்தில் மேற்கோள் காட்டுவதையும் நியாயமான பயன்பாடாகச் சட்டம் ஏற்கிறது. குறிப்பேட்டைப் பிறர் பார்வைக்கு வைக்க நினைப்பவர் முழுக் கவிதையையும் எடுத்துப் போடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுவதே முறை. நான்கு வரியை மட்டும் காட்டி மீதியைத் தம் சொற்களில் விளக்க வேண்டிய நிர்ப்பந்தம் குறிப்பை வளமாக்கும் என்பதும் என் எண்ணம். முழுக் கவிதையும் கண்முன் இருந்தால், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சோம்பல் நமக்கு வந்துவிடுகிறது.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம் என்று கேட்டால், பக்தி இலக்கியத்தையும் சிற்றிலக்கியங்களையும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தயக்கமில்லாமல் சொல்வேன். அச்சில் தேடினால் எளிதில் கிடைக்காத தூது, உலா, பிள்ளைத்தமிழ் வகைகள் பலவும் இங்கே இருக்கின்றன. அவற்றைப் பழைய புத்தகக் கடையில் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெளிநாட்டில், தமிழ் நூலகம் எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கும் இதற்கு நிகராக வேறொன்று இல்லை. பதிப்பாராய்ச்சி செய்கிறவர்கள் இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ள வேண்டும். புதுக்கவிதைக்காரர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம்.

திட்டத்தை நடத்தும் தன்னார்வலர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. பிழைதிருத்தங்களை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், புதிதாக வேலை செய்ய வருபவர்களையும் வரவேற்கிறார்கள். அதனால் இதைச் செய்வது அவர்களுக்குப் பெரும் பாரமாக இராது என்று நம்புகிறேன். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களோடு, இன்ன பதிப்பகம், இன்ன பதிப்பாசிரியர், இன்ன ஆண்டு என்று மூலநூல் விவரத்தை எல்லாக் கோப்புகளின் முகப்பிலும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். பழைய கோப்புகளுக்கு இது தெரியாமல் போயிருந்தால், அந்த நூலின் பழைய பதிப்புகளை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்களைக் கொண்டு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட முடியும். கம்பராமாயணத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால் ஒரு காண்டத்தை ஒப்பிட்டுத் தர நானும் தயார்.